கல்வட்டங்களைத் தோண்டிய கமிஷனர்

பிள்ளைகளே, நான் நீலகிரியில் வாத்தியாராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஒரு திங்கட்கிழமை காலையில் கையை இறுக்கி மூடிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். திறந்து காட்டினான். உள்ளங்கையில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு செம்புக் காசு! ஓட்டைக் காலணா என்று எங்கள் காலத்தில் சொல்வோம். 1943 முதல் 1947 வரை வெள்ளைக்காரன் ஆட்சியில் அடித்த காசு அது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டார்கள்.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தோட்டத்துக் கோடியில் பழைய லைன் வீடுகள் இருக்கின்றன. ஆள் குடியில்லாமல் கூரை விழுந்து, சுவர் மட்டும் நிற்கிறது. அங்கே ஒரு வீட்டின் அடுப்படியில் மண்ணைக் கிளறினானாம். அவனுடைய மாமா ஒருவர் மெட்டல் டிடெக்டர் என்ற கருவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அது ஒன்று இருந்தால் எல்லா லைன் வீடுகளையும் தேடிவிடலாம், நிறையக் காசு கிடைக்கும் என்று அவனுக்கு ஆசை.

எந்த வீட்டு அடுப்படி, எத்தனாவது வீடு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. முகம் சுருங்கிவிட்டது. அன்று அவனுக்கும் வகுப்புக்கும் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி என்று ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயரைத் தெரியாத ஊட்டிக்காரர் கிடையாது. அந்தப் பெயருக்கு உரிய மனிதரின் கதை இது.

ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1830ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் இங்கிலாந்தின் வடக்கே வெஸ்ட்மோர்லேண்ட் பகுதியில் வார்கோப் என்ற ஊரில் பிறந்தார். அதுவும் மலைச்சாரல் சீமைதான். குளிர், மழை, மேயும் ஆடுகள். பத்தொன்பது வயதில், 1849இல், சென்னை மாகாண சிவில் சர்வீசில் சேர்ந்தார். அந்த நாளில் கப்பலில் இங்கே வந்து சேரவே மாதக்கணக்காகும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தானே!

வந்தவருக்கு வருவாய்த்துறையிலும் நிதித்துறையிலும் வேலை. கணக்கும் காகிதமுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் போயின. 1861இல் சென்னை கவர்னர் சர் வில்லியம் டெனிசனுக்குத் தனிச் செயலாளர் ஆனார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கவர்னரின் மகள் சூசன் மரியாவையே திருமணம் செய்துகொண்டார். இந்தச் சூசன் அம்மாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் அவர்தான் முக்கியம்.

அடுத்து ஒரு திருப்பம். உடல்நலம் கெட்டு 1864இல் பிரீக்ஸ் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். லண்டனில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த வேலை அவர் மனதுக்கு ஒட்டவில்லை. மூன்றே ஆண்டில், 1867இல், மறுபடியும் சென்னை சர்வீசுக்கே வந்துவிட்டார். வேலையை விட்டுப் போனவர் திரும்பி வந்து அதே வாசலில் நிற்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் நீலகிரியில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை நீலகிரி கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மலை. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன்தான் 1819இல் மலையேறி, 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கி, வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் இடமாக அதை ஆக்கினார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஐம்பது ஆண்டுகளில் ஊர் வளர்ந்துவிட்டது. காப்பி, தேயிலை, சின்கோனா என்று தோட்டங்கள் வந்துவிட்டன. கோவையிலிருந்து ஆள முடியாது என்று 1868இல் மலையைத் தனியாகப் பிரித்து ஒரு கமிஷனரின் கையில் கொடுத்தார்கள். அந்த முதல் கமிஷனர்தான் பிரீக்ஸ்.

அப்போது மலை ரயில் கிடையாது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். கமிஷனர் குதிரையில்தான் போக வேண்டும். வழக்கு விசாரிக்க, நில எல்லை பார்க்க, தோட்டக்காரர்களின் சண்டையைத் தீர்க்க என்று மலை மலையாக ஏறி இறங்கினார். அப்படிப் போகும்போது அவர் கண்ணில் அடிக்கடி பட்டவை கல்வட்டங்கள்.

நீலகிரியில் இருக்கும் பிள்ளைகள் சிலர் பார்த்திருப்பீர்கள். ஊர்களை விட்டு விலகி, பெரும்பாலும் புல் மூடிய குன்றின் உச்சியில், கல்லை வட்டமாக அடுக்கியிருப்பார்கள். சிலது வெறும் கற்குவியல். சிலது வாய் அகன்ற கிணறு போல உட்புறம் சுவர் எழுப்பியது. கிணறு என்று எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்காது, புல்தான் இருக்கும். தமிழில் இவற்றைக் கற்குவை, கல்வட்டம் என்று சொல்கிறோம். கோத்தகிரிப் பக்கமும், சோலூர், மேலூர்ப் பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி, சின்ன வீடு மாதிரி அமைத்த கல்திட்டைகளும் உண்டு. அவற்றில் சிலவற்றில் போர்வீரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும்.

இவையெல்லாம் இறந்தவர்களின் நினைவாக எழுப்பியவை. கல்வட்டத்துக்குள்ளே எரித்த எலும்பும் சாம்பலும் வைத்த பானைகள் இருக்கும். அவற்றோடு இறந்தவரின் பொருள்களும் இருக்கும்.

பொருள் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? பிரீக்ஸ் வருவதற்கு வெகுநாள் முன்பே மலைக்கு ஓய்வெடுக்க வந்த துரைமார் சிலர், பொழுதுபோகவில்லையென்றால் நாலு கூலியாளையும் ஒரு கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு ஒரு கல்வட்டத்தை உடைத்துப் பார்ப்பார்கள். அழகான பொருள் கிடைத்தால் வீட்டு அலமாரிக்குப் போகும். உடைந்த பானை அங்கேயே கிடக்கும். எது எங்கே கிடைத்தது என்று எழுதி வைப்பவர் மிகக் குறைவு. அப்படி எழுதி வைத்த சிலரில் ஹென்றி கான்கிரீவ் என்ற பீரங்கிப்படை கேப்டன் ஒருவர். அவருடைய கட்டுரை 1847இல் வந்தது. மற்றவர்கள் எடுத்துப் போன பொருள்கள் எந்த அலமாரியிலிருந்து எந்தக் குப்பைக்குப் போயினவோ!

இன்னொரு பக்கம் காட்டைத் திருத்தித் தோட்டம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்குச் சுவர் வைக்கக் கல் வேண்டும். பக்கத்துக் குன்றில் யாரோ அடுக்கி வைத்த கல் கிடைத்தால் வேலை எளிது. யாராவது உடனே முறையாகப் பார்த்து எழுதி வைக்காவிட்டால், மலையின் பழைய கதை இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விடும் என்ற நிலை.

இந்த நேரத்தில் கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்துக்காக அரசாங்கத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. சென்னை மாகாணத்தின் ஒவ்வொரு ஜில்லா அதிகாரியும் தம் பகுதியில் உள்ள பழங்குடி மக்களின் ஆயுதம், நகை, உடை, வீட்டுச் சாமான், உழவுக் கருவி இவற்றைத் திரட்டித் தர வேண்டும். பழைய கல்லறைகளில் கிடைக்கும் பொருள்களையும் சேகரிக்க வேண்டும். இது போன்ற உத்தரவு வந்தால் பல அதிகாரிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? கீழே உள்ள குமாஸ்தாவிடம் தள்ளிவிடுவார்கள். அவர் சந்தையில் நாலு வளையலும் ஒரு வில்லும் வாங்கி, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார். வேலை முடிந்தது!

பிரீக்ஸ் அப்படிச் செய்யவில்லை. தாமே இறங்கிவிட்டார்.

முதலில் உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றி விசாரித்தார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் என்று நான்கு மக்களைப் பற்றியும் தனித்தனியே எழுதினார். எருமை வளர்க்கும் தோடர்கள் மலையுச்சிப் புல்வெளியில் மந்து என்னும் குடியிருப்புகளில் இருந்தார்கள். 1871 மக்கள்தொகைக் கணக்குப்படி அவர்கள் எழுநூறு பேர் கூட இல்லை. கோத்தர்கள் இரும்பு அடிப்பார்கள், பானை வனைவார்கள், வாத்தியம் வாசிப்பார்கள். மற்ற மக்கள் எல்லாரும் அரிவாளுக்கும் பானைக்கும் அவர்களிடம்தான் போக வேண்டும். குறும்பரும் இருளரும் சரிவிலும் காட்டிலும் வாழ்ந்தார்கள். இவர்களோடு மலையில் அதிகமாக வாழ்ந்த படகர்கள் உழவர்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மற்றவர்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. கோத்தர் இசை இல்லாமல் தோடர் இறுதிச் சடங்கு கிடையாது. இந்தப் பின்னல் அவரை மிகவும் கவர்ந்தது.

பிறகு கல்வட்டங்கள். ஆள் வைத்துத் தோண்டினார். பல இடங்களில் தோண்டினார். மேல் மண்ணிலும் கல்லிலும் நிறைய உடைந்த பானைகள். கீழே போகப் போகச் சாம்பலும் எலும்பும் வைத்த கலங்கள். பலகைக் கல்லைப் புரட்டினால் சில சமயம் அடியில் நல்ல பொருள்கள்.

என்னென்ன கிடைத்தன என்று கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இரும்பில் ஈட்டிமுனை, அம்புமுனை, கத்தி, கத்தரிக்கோல், மணி. வெண்கலத்தில் மெல்லிய தட்டில் அடித்த கிண்ணங்கள், சிலவற்றின் அடியில் தாமரை போல வேலைப்பாடு. முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடி. தங்கத்தில் காதணியும் மணிகளும். இந்த மலையில் தங்கக் காதணி போட்ட, கண்ணாடி பார்த்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்! கல் பங்களா கட்டிய துரைமார் வருமுன் இங்கே வெறும் காடுதான் இருந்தது என்று நினைத்தவர்களுக்கு அது ஓர் அடி.

ஆனால் எனக்குப் பிடித்தது தங்கம் இல்லை. பானை மூடிகள்தான். நீலகிரிப் பானை வேறெங்கும் காணக் கிடைக்காத பானை. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போல உயரமாக இருக்கும். அதன் மூடியின் உச்சியில், நாம் குமிழ் வைக்கும் இடத்தில், ஒரு களிமண் பொம்மை நிற்கும். எருமை, குதிரை, சிறுத்தை, யானை, மயில், மனிதன், மனுஷி. குதிரைமேல் ஆள் இருப்பதும் உண்டு. கைக்கு அடங்கும் பொம்மைகள். கண்ணுக்கு இரண்டு மண் உருண்டை ஒட்டி, கழுத்து மணிக்கு ஒரு கோடு கீறி, யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அழகில் பெரிய சிற்பம் என்று சொல்ல முடியாது. நீங்கள் களிமண்ணில் செய்வது போலத்தான் இருக்கும். அதனாலேயே பார்த்தவுடன் அன்பு வந்துவிடும்.

தங்கத்தைத் தேடி வந்தவர்கள் இந்த மூடிகளை மிதித்து உடைத்துவிட்டுப் போனார்கள். பிரீக்ஸ் அவற்றையும் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார். எந்த இடத்துக் குவையில் என்ன கிடைத்தது என்று குறித்துக்கொண்டார். படம் எடுக்கவும் வரையவும் ஏற்பாடு செய்தார். இதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இவை கல்லறைகள். யாருடைய தாத்தா பாட்டியோ படுத்திருக்கும் இடம். அதைத் திறப்பது சரியா என்ற கேள்வி இன்று நமக்கு எழுகிறது. அந்தக் கால ஆட்சியாளருக்கு அது அவ்வளவாக எழவில்லை. பிரீக்ஸும் அவருடைய காலத்து மனிதர்தான். அவர் தோண்டிய முறையும் இன்றைய முறை அல்ல. இப்போது கீழடி போன்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்? நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, மண்ணடுக்கு ஒவ்வொன்றாகச் சுரண்டி, மண்ணைச் சலித்து, கரித்துண்டைக் கூடப் பத்திரப்படுத்துகிறார்கள். கரியை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிக்கும் முறையை லிப்பி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1949இல்தான் கொண்டுவந்தார். பிரீக்ஸுக்கு அதெல்லாம் தெரிய வழியில்லை. அதனால் கரி போயிற்று. காலம் சொல்ல ஒரு நல்ல சாட்சியும் போயிற்று.

சரி, இந்தக் கல்வட்டங்களைக் கட்டியவர்கள் யார்? இதுதான் பெரிய சண்டை. கேப்டன் கான்கிரீவ் தோடர்களின் முன்னோர் என்றார். அதோடு நிற்காமல் தோடர்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த சித்தியர்கள் என்று வேறு சொல்லிவிட்டார். அது வெறும் கற்பனை. பிரீக்ஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் கட்டியவர்கள் தோடரின் முன்னோராக இருக்கலாம் என்ற பக்கமே அவரும் சாய்ந்தார். பானை மூடியில் எத்தனை எருமை பாருங்கள். தோடரும் இறந்தவரின் சாம்பலைக் கல்வட்டத்தில் புதைக்கிறார்களே என்பது அவருடைய எண்ணம்.

மற்றவர்கள் ஒப்பவில்லை. தோடர்கள் இரும்பு அடிப்பதில்லை, பானை வனைவதில்லை, ஈட்டி பிடித்துச் சண்டைக்குப் போவதில்லை. இவ்வளவு ஆயுதமும் குதிரையும் எங்கிருந்து வந்தன? சென்னை அருங்காட்சியகத்துக்கு இந்தப் பொருள்களைப் பட்டியல் போட்டு 1901இல் நூலாக வெளியிட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், மூடிப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான்! சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. இவற்றில் பெரும்பாலானவை கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வெண்கலக் கிண்ணமும் தங்கமும் மலையில் செய்தவையாக இருக்காது, சமவெளியிலிருந்து வந்திருக்கும். காட்டுப் பொருள்களுக்கு மாற்றாக வாங்கியிருப்பார்கள் என்பதும் ஒரு கருத்து.

மலைக்குக் கீழே என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தால் இது பொருந்தும். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் ஒரே இடத்தில் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூர்ப் பக்கம் ஆற்று மணலிலும் பழைய காசுகள் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் வியாபாரிகள் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. நீலகிரி அந்த வழியின் தலைமாட்டில் நிற்கிறது.

பிரீக்ஸுக்கு இதையெல்லாம் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். 1872ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ஊட்டியிலேயே இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டு.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோண்டியெடுத்த பொருள்கள் பெட்டிகளில். குறிப்புகள் காகிதக் கட்டுகளில். எது எதனோடு சேரும் என்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார். அந்தக் காகிதங்கள் கலைந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அலமாரித் துரைமாரின் பொருள்களுக்கு நேர்ந்த கதிதான். பானை இருக்கும், ஊர் தெரியாது.

சூசன் அம்மாளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? கணவரை இழந்த அந்தத் துயரத்திலும் காகிதக் கட்டை எடுத்து உட்கார்ந்தார். குறிப்புகளை ஒழுங்குபடுத்தினார். மறு ஆண்டே, 1873இல், லண்டனில் நூல் அச்சாகி வந்தது. நீலகிரியின் பழங்குடிகளையும் நினைவுச் சின்னங்களையும் பற்றியது அது. படங்களோடு வந்தது. முகப்பில் கணவர் பெயர். பதிப்பித்தவர் அவருடைய மனைவி என்று மட்டும் போட்டிருக்கும், சூசன் என்ற பெயரைக் கூடப் போடவில்லை! அந்தக் கால வழக்கம் அப்படி. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். அவர் இல்லையென்றால் நூல் ஏது?

பொருள்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்னொரு பகுதி, தங்கமும் வெண்கலமும் அதில் சேர்த்தி, கடல் கடந்து போய் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலையில் பிறந்த பிள்ளைகள் தங்கள் மலையின் காதணியைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது! அது நியாயமா என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று. 150 ஆண்டுகள் கழித்தும் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காதணியைக் கையில் எடுத்தால், நூலைப் புரட்டி, மலையில் அது வந்த இடத்தைத் தேட முடிகிறது.

அவர் பெயரில் ஊட்டியில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் அந்த 1870களில்தான்.

இப்போது நம் பையனின் மெட்டல் டிடெக்டருக்கு வருவோம். அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஒரு நீண்ட கம்பின் நுனியில் தட்டு மாதிரி ஒரு வளையம் இருக்கும். உள்ளே சுற்றிய கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும். மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும் என்று அறிவியலில் படித்திருப்பீர்கள். அந்தக் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும்போது மண்ணுக்குள் ஓர் உலோகத்தைத் தொட்டால், அந்த உலோகத்திலும் சின்னச் சின்ன மின்னோட்டம் சுழலும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். கருவி அதை உணர்ந்து பீப் என்று கத்தும். அவ்வளவுதான்.

தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881இல் இப்படி ஒரு கருவியைச் செய்தார். எதற்கு? அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட! பாவம், கண்டுபிடிக்க முடியவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள் கருவியைக் குழப்பிவிட்டது என்பார்கள். கருவிக்கு உலோகம் என்று தெரியும். எந்த உலோகம், ஏன் அங்கே வந்தது என்று தெரியாது. ராஜராஜன் காசுக்கும் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும்.

பானைக்குக் கத்தவே கத்தாது. எருமை மூடி மண்ணுக்குள் இருந்தாலும் அதன் மேலேயே கடப்பாரை இறங்கும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் யாருக்குக் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்னென்ன எழுத வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பொருள் என்ன, அதன் மதிப்பு, எந்த இடத்தில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது. பாதுகாக்கப்பட்ட பழைய இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் குற்றம். இங்கிலாந்தில் நிலத்துக்காரரின் சம்மதத்தோடு கருவியை எடுத்துக்கொண்டு வயலில் தேடலாம். 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் அப்படி ஒருவர் நாலு கிலோ அளவுக்குத் தங்கம் அடங்கிய பெரிய புதையலைக் கண்டார். கொஞ்சம் தோண்டிய பிறகு அவர் அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து மீதியை முறையாக எடுத்தார்கள். அருங்காட்சியகங்கள் கொடுத்த தொகையில் அவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி.

அந்த ஓட்டைக் காலணா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சனிக்கிழமை நானும் அவனும் இன்னும் நாலு பிள்ளைகளும், தோட்டத்து மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, அந்த லைனுக்குப் போனோம். கிளறவில்லை. கடப்பாரை கொண்டுபோகவில்லை. ஒரு நோட்டும் அளவு நாடாவும்தான். அவன் நின்று யோசித்து, வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது வீடு என்று காட்டினான். அடுப்படி மூலையில் அவன் கிளறிய குழி அப்படியே இருந்தது. அளந்தோம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் உடைந்த மண்சட்டி ஓடு, ஒரு நீல வளையல் துண்டு. எதையும் எடுக்காமல் நோட்டில் வரைந்தோம்.

திரும்பும்போது மேலே பங்களா மேட்டருகே குடியிருந்த ஒரு பாட்டியிடம் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டான். பாட்டி நெற்றியில் கை வைத்துக் கீழே பார்த்தார். மூன்றாவது வீடா, அது நான் கல்யாணமாகி வந்து குடியேறிய வீடு ஆச்சே என்றார். காசைப் பையன் அவர் கையில் வைத்தான். அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டிச் சின்ன டப்பாவில் சேர்த்து வைப்பது அவருடைய மாமியாரின் வழக்கமாம். டப்பா துருப்பிடித்து உடைந்து, ஒரு காசு மட்டும் சிதறித் தங்கியிருக்கும் என்றார். காசை வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். மாமியார் பெயரையும்தான்.

விடுமுறையில் சென்னைக்குப் போகும் பிள்ளைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீலகிரிப் பானைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எருமை நிற்கும் மூடியைப் பார்க்கக் கிடைத்தால் கொம்பைக் கவனியுங்கள். அகலமாக விரிந்து உள்நோக்கி வளைந்திருக்கும். ஊட்டிக்குப் பக்கத்து மந்துகளில் இன்று மேய்கிற எருமைக்கும் கொம்பு அதே மாதிரிதான்.